ஆறு சுளைப் பருத்தி

தை மாசம் மருந்தடிக்கப் போய்ச் செத்த பெத்தையா, சரியாகப் பத்தாம் மாசம், ஐப்பசி மழை விழுந்த கையோடு, சீவலோடைக் கரிசலில் ஒன்றரை ஏக்கர் பருத்தியாக முளைத்து வந்தான். வந்தவன் மளமளவென்று வளர்ந்து ஐந்தடி ரெண்டு அங்குலத்தில் நின்றுகொண்டான். அதற்கு மேல் ஒரு விரற்கடை போகவில்லை, அதற்குக் கீழே ஒரு செடியும் நிற்கவில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் அவன் உயரம் அவ்வளவுதான். இடது கால் கொஞ்சம் குட்டை என்பதால் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பானே, அதே சாய்வு அத்தனை செடியிலும் இருந்தது, காத்து எந்தத் திக்கிலிருந்து அடித்தாலும் சரி. கையெல்லாம் கரடி மாதிரி ரோமம் வைத்திருந்தானே, அந்த ரோமம் இலைக்கு இலை மொசமொசவென்று படர்ந்திருந்தது. மார்கழியில் காய் பிடித்து, தையில் முதல் காய் வெடித்தபோது, ஊரில் உள்ள பருத்தியெல்லாம் நாலு சுளை, மிஞ்சினால் அஞ்சு சுளை என்று இருக்க, இவன் காயில் ஆறு சுளை இருந்தது. பெத்தையாவுக்கு வலது கையில் ஆறு விரல். இதுக்கு மேலே என்ன சாட்சி வேண்டிக் கிடக்கிறது?

ஊர் ஒன்றும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. "வாரவன் ஒரு மாசம் முந்தி வந்திருந்தா உளுந்து விதைப்புக்கு ஒத்தாசையா இருந்திருக்கும்" என்று டீக்கடையில் குறைப்பட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவன் பெஞ்சாதி ஆவுடைத்தாய் குறையும் படவில்லை, சந்தோசமும் படவில்லை. வரப்பில் நின்று அந்த முதல் காயைப் பிடித்து ஆறு சுளையையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "வந்துட்டீகளா? நல்லது. வந்த சோலியப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வந்த சோலி என்னவென்று சொல்லவேண்டுமானால் ஆராய்ச்சியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாய் கசக்கும், கசந்தாலும் சொல்லியாக வேண்டும். தில்லைநாதன் என்பது அந்த ஆளின் பேர். பருத்தியைப் பற்றியே பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, ஓடைக்கரையில் சொந்தமாக விதைப் பண்ணை போட்டு, இந்தச் செடியின் பூவை அந்தச் செடியின் பூவோடு சேர்த்துப் புதுப் புது ரகம் உண்டாக்கி விற்கிற மனுசர். ஊர் அவரை ஆராய்ச்சியார் என்றே கூப்பிட்டது. கையில் எப்போதும் ஒரு மரஸ்கேலும் நீல அட்டை நோட்டும் இருக்கும். "செடிக்கு ஆறு குணம் பாத்தாப் போதும்" என்பார். உயரம் எவ்வளவு, பக்கக் கிளை எத்தனை, கிளைக்குக் காய் எத்தனை, காய் ஒன்று எத்தனை கிராம், பஞ்சு எவ்வளவு தேறும், இழை எவ்வளவு நீளம். இந்த ஆறும் நோட்டில் ஏறிவிட்டால் அந்தச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. ஆறில் ஒன்று குறைந்த செடிக்குக் கலவன் என்று பேர். கலவனைக் கண்டால் அவரே குனிந்து வேரோடு பிடுங்கி வரப்பில் எறிவார், மண்ணைக்கூடத் தட்டமாட்டார்.

அந்தப் பண்ணையில்தான் புருசனும் பெஞ்சாதியும் வேலை பார்த்தார்கள். ஆவுடைத்தாய்க்குப் பூ வேலை. சாயங்காலம் மறுநாள் விரியப்போகிற மொட்டாகப் பார்த்து உரித்து, உள்ளே இருக்கிற மஞ்சத்தூளை, அதான் மகரந்தத்தை, நகத்தால் ஒரு பொட்டு விடாமல் வழித்தெடுத்து, சிவப்புக் காகிதப் பை மாட்டிவிட்டு வரவேண்டும். காலையில் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், அடுத்த பாத்தியிலிருந்து பறித்துவந்த பூவை அதன் உச்சியில் தடவி, காம்பில் வெள்ளை நூல் கட்டவேண்டும். நகம் கொஞ்சம் ஆழமாகப் பட்டாலும் பூ உதிர்ந்துபோகும். ஆவுடைத்தாய் தொட்ட பூ நூற்றுக்குத் தொண்ணூறு காயாகும். அப்படி ஒரு கை. பெத்தையாவுக்கு மருந்தடிக்கிற வேலை.

அன்றைக்குக் கீழ்காத்து மூஞ்சியில் அறைந்துகொண்டிருந்தது. மருந்து பம்பில் தோள்வாருக்குக் கீழே ஒரு ஒழுக்கு. "மொதலாளி, காத்து எதிர்க்க அடிக்கி, பம்பும் ஒழுகுது, நாளைக்கி அடிப்போமா?" என்று பெத்தையா கேட்டதை ஆவுடைத்தாய் தன் காதால் கேட்டாள். "பூச்சி உனக்காகப் பொறுத்திருக்குமா? அடிச்சிட்டுப் போ" என்று ஆராய்ச்சியார் சொன்னதையும் கேட்டாள். முதுகு நனைய நனைய ரெண்டு ஏக்கர் அடித்துவிட்டு வந்தவன் மூன்று நாள் இருமினான். அந்த இருமலை அவள் என்னத்தைச் சொல்ல, ஈரல் கிழிந்து வெளியே வந்துவிடும்போல இருந்தது. மூன்றாம் நாள் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதுவும் நின்றுபோனது.

செத்ததுகூடப் போகட்டும். விசாரிக்க வந்த போலீஸிடம் அந்தப் பேதியில போவான் என்ன சொன்னான் தெரியுமா? பெஞ்சாதியோடு சண்டை போட்டுக்கொண்டு, பண்ணை மருந்தை எடுத்துக் குடித்துவிட்டான் என்றான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். புருசனைக் கோழை ஆக்கி, பெஞ்சாதியைக் கொலைகாரி ஆக்கி, ஒரே காகிதத்தில் முடித்துவிட்டார்கள்.

அந்தக் காகிதம் பண்ணிய காரியம் அத்தோடு நிற்கவில்லை. பெத்தையாவின் பங்காளிகளுக்குச் சாஸ்தா கோயில்தான் குலசாமி. பங்குனி உத்திரத்தன்று மத்தியானம் எல்லோரும் கூடிப் பொங்கலிட்டு, குடும்பத்தில் செத்தவர்கள் பேரைப் பூசாரி ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டுக் கூப்பிட, ஒவ்வொரு பேருக்கும் ஒரு படையல் இலை விழும். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவனுக்கு மட்டும் இலை கிடையாது, பேரும் கிடையாது. கூப்பிடாத பேர் கோயிலுக்கு வெளியே பட்டினியாக நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பூசாரி கொம்பையா பெத்தையாவுக்குப் பெரியப்பா மகன்தான், கூட விளையாடியவன்தான். "காயிதத்துல அப்படி எழுதியிருக்கே மதினி, நான் என்ன செய்ய?" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஆவுடைத்தாய் அவனோடு வாதாடவில்லை. புருசனை எரித்த மூன்றாம் நாளே பூ வேலைக்குப் போய்விட்டாள். சாம்பல்கூட ஆறவில்லை, இவளுக்கு அதற்குள் வேலையா என்று பார்த்தவர்கள் எல்லாம் பேசினார்கள். பேசட்டும். அவள் ஒவ்வொரு பூவாகச் சிவப்புப் பையைக் கழற்றி, மஞ்சத்தூளைத் தடவி, நூலைக் கட்டுவதற்கு முன்னால், வாயைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "எம் புருசன் குடிக்கல." அடுத்த பூ, "எம் புருசன் குடிக்கல." அதற்கடுத்த பூ, "எம் புருசன் குடிக்கல." இப்படியே முப்பத்தெட்டு நாள், நாலாயிரம் பூ, ஒரு பூவைக்கூட விடாமல், ஒரு பூவுக்குக்கூட வார்த்தையைச் சுருக்காமல் சொன்னாள். அந்த நாலாயிரம் பூவின் விதைதான் ஐப்பசியில் ஆராய்ச்சியாரின் ஒன்றரை ஏக்கர் மண்ணுக்குள் போனது.

சரி, பெத்தையா வந்துவிட்டான். வந்தவனை எப்படி நடத்துவது என்பதில்தான் ஊருக்கு ரொம்ப யோசனை. முதலில் அவன் தங்கச்சி முப்பிடாதி ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி இல்லையே என்று ஒரு வருசமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவள், பந்தியும் மேளமுமாகப் பருத்திக் காட்டுக்கே வந்துவிட்டாள். நல்ல தடித்த செடியாகப் பார்த்து அதன் அடியில் பிள்ளையை உட்காரவைத்தார்கள், ரெண்டு கிளை இறங்கிவந்து பிள்ளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது, ஆசாரி குத்தினார், பிள்ளை வீல் என்று கத்த, ஒரு ரோம இலை கண்ணீரைத் துடைத்துவிட்டது. "எங்கண்ணன் சீர் செய்யாம விடுவானா" என்று முப்பிடாதி மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லோருக்கும் சந்தனம் கொடுத்தாள்.

அப்புறம் எல்லோருக்கும் பழகிப்போனது. பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோ" என்பார்கள், கிளை விலகும். பழைய வரப்புச் சண்டையை முடிக்காமல் போய்விட்டான் என்று மேலத்தெரு ஆள் ஒருவர் தினமும் காலையில் வந்து, செடியைப் பார்த்து அரைமணி நேரம் வைதுவிட்டு நிம்மதியாகப் போவார். ரேஷன் கார்டில் அடித்த பேரைத் திரும்ப எழுதலாமா என்று தலையாரி தாலுகா ஆபீசுக்குப் போய்க் கேட்டார். ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் எழுதலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண்கள் ஆவுடைத்தாயிடம் வந்து, "அதான் அண்ணாச்சி வந்து நிக்காகளே, நெத்தியில ஒரு பொட்டு வச்சுக்கிட்டா என்ன?" என்றார்கள். "பொட்டு எங்க போயிருது? மொதல்ல அவுகளுக்கு எல விழட்டும்" என்றாள் அவள்.

ஆராய்ச்சியார் ஒருத்தரைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் காடு இருமிக் காட்டவில்லை. அவர் தலை ஓடை மேட்டில் தெரிந்ததும் முதல் வரிசை இருமும், அடுத்த வரிசை இருமும், கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பிவரும், ஈரல் கிழிகிற அதே இருமல். "இல காஞ்சா இப்படித்தான் சலசலக்கும்" என்று அவர் சொல்லிக்கொண்டார், சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் மூஞ்சியைத் துடைத்தார். பயந்துதான் போனார். முதல் வாரத்தில் பத்து வரிசையைக் கலவன் என்று பிடுங்கிக்கூட எறிந்து பார்த்தார். மறுநாள் அதே குழியில் அதே செடி அதே சாய்வோடு நின்றது.

ஆனால் மரஸ்கேலை வைத்து அளந்தாரோ இல்லையோ, பயம் எல்லாம் எங்கே போயிற்றோ போயிற்று. செடிக்கு எண்பது காய். காய்க்கு ஆறு சுளை, ஏழரை கிராம். பஞ்சு தேறுவது அவர் ஆயுசில் பார்க்காத அளவு. இழையை இழுத்து அளந்தால் ஸ்கேலில் அவர் நினைத்த கோட்டைத் தாண்டிப் போனது. இலையில் இருந்த ரோமத்தைக் கண்டு தத்துப்பூச்சி உட்காரப் பயந்தது, ஆகவே ஒரு சொட்டு மருந்து தேவைப்படவில்லை. மருந்தடித்துச் செத்தவன் மருந்தே வேண்டாத செடியாக வந்து நிற்கிறான் என்பது அந்த மனுசருக்கு உறைக்கவே இல்லை. நீல நோட்டில் ஆறு குணத்தையும் எழுதி ரெண்டு கோடு போட்டார். ரோஷம் என்று ஏழாவதாக ஒன்று எழுத அவர் நோட்டில் கட்டம் இல்லை.

புது ரகத்தை மூன்று வருசம், மூன்று விதமான மண்ணில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடவேண்டும் என்று ஊரூராகப் போய்ப் பேசுகிறவர் அவர்தான். இந்த விதைக்கு மட்டும் மூன்று வருசம் பொறுக்க முடியவில்லை. அந்த மாசியிலேயே காட்டில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பல மாவட்டத்து விதைக் கடைக்காரர்களை வரவழைத்து வயல்விழா நடத்தினார். ஆவுடைத்தாயை மோர் கொடுக்க நிறுத்தியிருந்தார்கள். காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு கடைக்காரர் கேட்டார்: "ஆறு வெரலுள்ள ஆளு ஒருத்தர் இங்க மருந்தடிச்சுச் செத்தாராமே, இது அவருதான்னு ஊருக்குள்ள பேசிக்கிடுதாங்களே?"

ஆராய்ச்சியார் சிரித்தார். ஒலிபெருக்கி கையில் இருக்க, காடு முழுக்கக் கேட்கச் சொன்னார்: "அவன் பொண்டாட்டிகூட சண்ட போட்டு மருந்தக் குடிச்சுச் செத்த கோழப்பய. அவனுக்கும் இந்தச் செடிக்கும் என்ன சம்பந்தம்?"

அதுவரைக்கும் மெதுவாக இருமிக்கொண்டிருந்த காடு சட்டென்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. ஆவுடைத்தாய்க்கு மோர்ச்சட்டியை அந்த மண்டையில் போட்டு உடைக்கலாமா என்றுகூட வந்தது, கை தூக்கியும் விட்டாள். தூக்கிய கையில் ஒரு கிளை வந்து தொட்டது. அவள் சட்டியைக் கீழே இறக்கினாள். கிளையில் இருந்த காய்களுக்குள் விதை முற்றிக்கொண்டிருந்தது. முற்றுகிற விதைக்குக் காது உண்டு என்பது பூ வேலை பார்த்த பொம்பளைக்குத் தெரியாதா?

விதை விற்றது. இருநூற்றுச் சொச்சம் ஊருக்குப் போனது. ஆராய்ச்சியார் சொந்த ஒன்றரை ஏக்கரில் மறுபடியும் அதையே விதைத்தார். இந்தத் தடவை காடு ஒரு தரம்கூட இருமவில்லை. பதினோராயிரம் செடியும் ஐந்தடி ரெண்டு அங்குலத்துக்கு வந்து வாயை மூடிக்கொண்டு நின்றது. "பாத்தியா, சலசலப்பு கொணம் ஒரே தலமுறையில போயிருச்சு" என்று அவர் பூரித்துப்போனார். பூரிக்கட்டும் என்று ஆவுடைத்தாய் இருந்தாள்.

மாசி பிறந்து காய் வெடித்தது. எடுக்கப் போன பெண்கள் பஞ்சைப் பிடித்து இழுத்தார்கள், வந்தது, விட்டார்கள், திரும்ப உள்ளே போய்விட்டது. முழம் நீளத்துக்கு இழுத்தாலும் அப்படித்தான். ஆறு சுளையும் ஆறு விரலாக மடங்கிப் பஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. கத்தியால் அறுத்துப் பார்த்தார்கள், கத்தி மழுங்கியது. "அண்ணே, விடுண்ணே" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். "அண்ணன் எங்க மேல கோவமா இல்ல, ஆனா விடமாட்டேங்கு" என்று மடியை அவிழ்த்து உதறிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆராய்ச்சியார் என்னவெல்லாமோ செய்தார். வேறு ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவந்தார், மிஷினைக் கொண்டுவந்தார், மந்திரிக்கிறவரைக்கூடக் கொண்டுவந்தார். மந்திரிக்க வந்தவர் செடியிடம் அஞ்சு நிமிசம் பேசிவிட்டு, "இது பேயில்ல சார். இது ஒங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கு" என்று எழுந்து போய்விட்டார். பங்குனி கோடைமழை ஒன்று இறங்கினால் அத்தனையும் கறுத்து அழுகும். பதினைந்தாம் நாள் ஆராய்ச்சியார் ஆவுடைத்தாய் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். அவர் அந்தத் தெருவுக்கு வருவது அதுதான் முதல் தடவை.

"ஆவுடை, நடந்தது நடந்துபோச்சு. அன்னைக்கு நான் சொன்னது தப்புதான். ஒனக்கு என்ன வேணும், கேளு."

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அவுக அங்க நிக்காக. அங்க போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

உச்சி வெயிலில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் காட்டுக்குள் போனார். ஒரு செடிக்கு முன்னால் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பெத்தையா, நீ குடிக்கல" என்று முணுமுணுத்தார். எண்பது காயில் நாற்பது காய் விரலை விட்டது. மீதி நாற்பது அப்படியே இருந்தது. பாதி உண்மைக்குப் பாதிப் பஞ்சு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார்: "எதிர்க்காத்துல அடிக்கச் சொன்னது நான்தான். ஒழுகுற பம்பக் குடுத்தது நான்தான். போலீஸ்கிட்டப் பொய் சொன்னதும் நான்தான்." அந்தச் செடி பொலபொலவென்று அத்தனை பஞ்சையும் கீழே விட்டது. அடுத்த செடி அசையவில்லை.

ஒலிபெருக்கியை எடுத்துவந்து காட்டுக்கே கேட்கச் சொன்னார். ஒரு காய்கூட விடவில்லை. கூலிக்கு ஆள் வைத்துச் சொல்ல வைத்தார். ம்ஹூம். அப்போதுதான் ஆவுடைத்தாய் வரப்புக்கு வந்தாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "நான் பூப்பூவாச் சொன்னேன் மொதலாளி. நீங்க செடிசெடியாச் சொல்லுங்க" என்றாள்.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். காலையில் வெயில் ஏறும்போது ஆராய்ச்சியார் வரிசைக்குள் இறங்குவார். ஒரு செடி, நாலு வாக்கியம். அடுத்த செடி, நாலு வாக்கியம். பெண்கள் பின்னாலேயே பஞ்சை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர் வார்த்தையைச் சுருக்கினால் செடி பாதியில் நிறுத்தும், திரும்பச் சொல்ல வேண்டும். கோபமாகச் சொன்னால் விட்டதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், ரெண்டு தடவை சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் சனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. வரப்பில் சுக்குக்காப்பிக் கடை வந்தது, வெள்ளரிக்காய் கூறு வந்தது, பொரியுருண்டை வந்தது. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த ஏட்டையா முதல் நாள் அந்த நாலு வாக்கியத்தை நானூறு தடவை கேட்டார், ரெண்டாம் நாள் ஐந்நூறு தடவை கேட்டார், மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் பழைய காகிதத்தை எடுத்துவந்து, ஆராய்ச்சியார் வாயசைவைப் பார்த்துக்கொண்டே புதுசாக எழுதி, வரிசையின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பூசாரி கொம்பையா வரப்பில் ஒரு மூலையில் தினமும் வந்து நின்று, யாரோடும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஆவுடைத்தாய் ஒரு நாளைக்கூட விடவில்லை. வேப்பமரத்து நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கு இனித்தது. இனிக்கவில்லை என்று பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது.

ஏழாயிரம் செடி தாண்டியபோது ஆராய்ச்சியார் குரல் போய்விட்டது. காத்துதான் வந்தது. பிறகு இருமல் வந்தது. ஈரல் கிழிகிற இருமல், மூன்று நாள் இருமலை அவர் ஒரே மத்தியானத்தில் இருமிவிட்டு, மரஸ்கேலை ஊன்றியபடி மண்ணில் சரிந்து உட்கார்ந்தார். முப்பிடாதிக்கு மனசு கேட்கவில்லை.

"போதும் மதினி, விட்டுருவோம். மனுசன் செத்துகித்துப் போயிருவான்."

"ஏளா, ஒங்க அண்ணன் மூணு நா கட்டில்ல கெடந்து இருமும்போது அவன் எட்டிப் பாத்தானா? ஒரு சோடா வாங்கிட்டு வந்தானா?"

"அதுக்கில்ல மதினி..."

"நீ சும்மா இரு." ஆவுடைத்தாய் எழுந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வரிசைக்குள் இறங்கிப் போனாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் ஆராய்ச்சியார் நினைத்தார், கண்ணில் தண்ணி கட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் செம்பை நீட்டினாள். "குடிங்க மொதலாளி. தொண்ட வேணும்லா? இன்னும் நாலாயிரம் செடி கெடக்கு."

அவர் குடித்தார். அடுத்த செடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பங்குனி உத்திரத்தன்று காலை பத்து மணிக்குக் கடைசி வரிசையின் கடைசிச் செடி வந்தது. காத்துக் குரலில் நாலு வாக்கியத்தையும் சொன்னார். செடி ஒரு நிமிசம் யோசித்துவிட்டு ஆறாறு விரலாக விட்டது. ஆராய்ச்சியார் மரஸ்கேலை வீசி எறிந்தார், அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "முடிஞ்சுது, ஆத்தா, முடிஞ்சுது" என்று வாய்க்குள்ளேயே அழுதார். அந்த நேரத்தில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

விதை வாங்கிப்போன ஊர்களில் அந்த வருசம் மழை பிந்தியதால் விதைப்பும் ஒரு மாசம் பிந்தியிருந்தது. அவர் காதில் வைப்பதற்கு முன்னாலேயே எதிர்ப்பக்கத்துக் கடைக்காரரின் கத்தல் பத்து வரிசைக்குக் கேட்டது: "சார், நம்ம பக்கம் காய் வெடிக்க ஆரம்பிச்சிருக்கு. பஞ்சு வரமாட்டேங்குது சார். இழுத்தா உள்ள போகுது. சனங்க கடைய ஒடைக்க வந்துட்டாங்க, நீங்க ஒடனே வாங்க." அதை வைத்ததும் இன்னொரு ஊர். அதை வைத்ததும் இன்னொன்று.

ஏட்டையா எழுதிய வழக்கில் அவரை உள்ளே கொண்டுபோய் வைக்கத்தான் பார்த்தார்கள். அத்தனை ஊர்க்காரர்களும் சேர்ந்து வந்து, ஜெயிலில் போட்டால் எங்கள் செடியிடம் யார் பேசுவது என்று கேட்டு, ஜாமீன் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனது பின்னால் நடந்த கதை. அன்றைக்கு அவர் ஸ்கேலைத் தேடி எடுத்து ஊன்றிக்கொண்டு, இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து மெயின் ரோட்டுக்கு நடந்துபோனார்.

ஆவுடைத்தாய் கோயிலுக்குப் போனாள். மத்தியானப் பொங்கல் இறக்கியாயிற்று. பங்காளிகள் கூடி நிற்க, கொம்பையா ஈரவேட்டியோடு வந்து செத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். பேருக்கு ஒரு இலை விழுந்தது. கடைசிப் பேருக்கு வந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு, ஓடைக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி "பெத்தையா!" என்று கூப்பிட்டான். பஞ்சு உதிர்ந்து மொட்டையாக நின்ற காட்டிலிருந்து ஒரே ஒரு செருமல் பதிலுக்கு வந்தது. இலை விழுந்தது.

ஆவுடைத்தாய் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரெண்டு வருசத்துக்குப் பிறகு அவளுக்கு நல்ல பசி பசித்தது. சாஸ்தா காலடியில் இருந்த குங்குமத்தில் ஒரு விரலை வைத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். ரோட்டில் பஸ் வந்து நிற்கிற சத்தமும், ஆராய்ச்சியார் இருமிக்கொண்டே ஏறுகிற சத்தமும் கேட்டது.

"ஏளா முப்பிடாதி," என்றாள், "மொத்தம் எத்தன ஊருக்கு வெத போச்சு?"

"இருநூத்திப் பதினேழு, மதினி."

"சரி. சோத்தப் போடு" என்றாள் ஆவுடைத்தாய்.